ஜெயித்தாலும் மேலே போகாத அணி

போர்ட்டோ
12 ஜனவரி 2003

சுல்மீரா அக்காவுக்கு,

செல்போனில் என் பெயரைப் பார்த்ததும் வெட்டிவிடுகிறாய். வீட்டு எண்ணுக்கு அடித்தால் அம்மா எடுத்து, நீ பஸ் ஓட்டப் போயிருப்பதாகச் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஓட்டுகிறாய்? பின்னால் உன் இருமல் எனக்குக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது.

கிறிஸ்துமஸ் அன்று நான் சொன்னது தப்புதான். நம் ஊர் மைதானத்தை முட்டைக்கோஸ் தோட்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அதிலும் கின்தீனு அத்தான் எதிரே உட்கார்ந்து மீனுக்கு முள் எடுத்துக்கொண்டிருந்தபோது. அவர் தட்டோடு எழுந்து சமையலறைக்குப் போனது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அவர் கேப்டனாக இருக்கும் கிளப். நீ செக்ரட்டரியாக இருந்து, பள்ளி பஸ் ஓட்டி முடித்த கையோடு ஆட்டக்காரர்களின் வேனையும் ஓட்டும் கிளப். நானும் அங்கேதான் பந்துக்குப் பாய்ந்து கீழே விழக் கற்றேன்.

ஆனால் திரும்பி வந்து ஊருக்காக ஆடு என்று நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் மாறவில்லை. உன் வார்த்தையும் சும்மா இல்லை அக்கா. "அஞ்சு வருஷமா ஸ்டெப்னி டயரா கெடக்கறே, இன்னும் டிக்கியிலேயே இருக்கணுமா?" என்று நீ கேட்டாய். அம்மா சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் இருக்கும் தோரு கிளப்பின் முதல் அணியில் கோல்கீப்பர் கஸ்பார். அவனுக்குப் பின்னால் ஒருவன். மூன்றாவது நான். பி அணியில் ஒவ்வொரு வாரமும் கோலில் நிற்பது நான்தான். எனக்கு இருபத்து நாலு வயதாகிறது. இந்த சீசனில் மேலே ஏறாவிட்டால் பி அணியில் இனி எனக்கு இடம் இருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருக்கிறேன். கோடைவரை என்னை விட்டுவிடு.

அத்தானிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீயே சொல்ல வேண்டாம் என்றால் இந்தத் தாளை மேசைமேல் வைத்துவிடு.

உன் தம்பி
அதேரித்து

*

விலா கனேய்ரா
30 ஜனவரி 2003

அதேரித்து,

தாளை மேசைமேல் வைத்தேன். அவர் படித்தார். "கையெழுத்து இன்னும் கோழி கிளறின மாதிரிதான் இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவர் மன்னித்துவிட்டார் என்று வைத்துக்கொள். நான் அவர் அல்ல.

நான் கோபப்பட்டது மைதானத்தைச் சொன்னதற்காக இல்லை. அது முட்டைக்கோஸ் தோட்டமேதான். மழை பெய்தால் கார்னர் கொடி நிற்பதில்லை, நான் கல்லை வைத்து முட்டுக்கொடுக்கிறேன். நான் கோபப்பட்டது, உன்னை வேண்டாம் என்று வைத்திருக்கும் இடத்தில் நீ வாசலில் நிற்பதைப் பார்த்து.

நீயே சொல். நாங்களும் ஆடும் இந்த லீக்கில் உன் பி அணி முதலிடம் வந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மேல் டிவிஷனுக்கு நீங்கள் போக முடியாது, அதுதான் விதி. உங்களுக்கு இது பயிற்சி. எங்களுக்குப் பிழைப்பு. நாங்கள் கடைசிக்கு மூன்றாவது இடத்தில் இருக்கிறோம். இறங்கினால் அடுத்த வருடம் மாவட்ட லீக். போர்ட்டோவிலிருந்தும் பிராகாவிலிருந்தும் அணிகள் இந்த ஊருக்கு வராது. இந்த ஊர்க் காப்பிக்கடையில் திங்கட்கிழமை பேச ஒன்றும் இருக்காது, மத்தி விலையைத் தவிர.

கின்தீனுவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. விடியற்காலை படகில் போய் வலை இழுத்துவிட்டு, சாயங்காலம் அந்தக் காலோடு பயிற்சிக்குப் போகிறார். இதுதான் அவருக்குக் கடைசி சீசன். எர்னானி என்று ஒரு பையன் கோலில் நிற்கிறான், தைரியசாலி, ஆனால் உயரமான பந்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிறான்.

அம்மா நலம். எழுதாதே என்று சொல்ல மாட்டேன். போன் மட்டும் பண்ணாதே. உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் இறங்கிவிடும். இப்போது அது இறங்க வேண்டாம்.

சுல்மீரா

*

போர்ட்டோ
17 மார்ச் 2003

அக்கா,

கஸ்பாருக்கு விரல் உடைந்துவிட்டது. இரண்டாவது கீப்பர் கோலுக்குப் போனான். நான் முதல் அணியின் பெஞ்சுக்குப் போனேன். பெரிய மைதானம், விளக்கு வெளிச்சம், முதுகில் என் பெயர் போட்ட சட்டை. உனக்கு உடனே எழுத வேண்டும் என்று துடித்தேன். ஆனால் ஒரு நிமிஷமாவது ஆடிவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். நாலு வாரம் உட்கார்ந்தேன். பிறகு பிரேசிலிலிருந்து ஒரு கீப்பரைக் கூட்டிவந்தார்கள். நான் பி அணிக்குத் திரும்பிவிட்டேன். சட்டையைத் திரும்பக் கேட்கவில்லை. அது மட்டும் என்னிடம் இருக்கிறது.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே மாட்டேன் என்கிறது. முதலிடம் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டாயே, அது. சனிக்கிழமை நாங்கள் மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். யாரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. முதல் அணி கோச்சின் உதவியாளர் மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்வரை எங்கள் பையன்கள் புலி மாதிரி ஓடினார்கள். ஹாஃப் டைமில் அவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு யார் காலிலும் உயிர் இல்லை. மூன்றாவது கோல் போட்டவன் ஓடிப்போய் அவர் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைத்தான் பார்த்தான்.

எதிர் அணிக்காரர்கள் தோற்று வெளியே போகும்போது சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். நீ ஏன் அவனை விட்டே, நீ ஏன் திரும்பிப் பாக்கலே என்று. எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது. தோற்றவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவது இதுதான் முதல் தடவை.

அட்டவணையைப் பார்த்திருப்பாய். சீசனின் கடைசி மேட்ச், மே பதினெட்டு, விலா கனேய்ராவில். உங்களோடு. அதற்குள் நீங்கள் தப்பித்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

அதேரித்து

*

விலா கனேய்ரா
4 மே 2003

தம்பி,

அம்மாவுக்குப் பல் பிடுங்கினோம். ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறாள், எல்லோரையும் திட்டுகிறாள், ஆக நலமாக இருக்கிறாள். என் பஸ்ஸில் இரண்டாவது கியர் விழ மாட்டேன் என்கிறது. கடல் இந்த வாரம் முழுக்க மூடுபனி, படகுகள் போகவில்லை.

இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன் என்று நீ நினைக்க மாட்டாய்.

நேற்றோடு கணக்கு இப்படி நிற்கிறது. நாங்களும் மொந்தெ ரீஜுவும், இரண்டில் ஒரு கிளப் இறங்கும். அவர்கள் எங்களைவிட ஒரு புள்ளி மேலே. அவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. எங்களுக்கு ஒன்று பாக்கி. உங்களோடு. ஜெயித்தால் நாங்கள் இருப்போம். சமன் ஆனால் புள்ளி ஒன்றாகும், ஆனால் கோல் கணக்கில் அவர்கள் மேலே, நாங்கள் இறங்குவோம்.

ஊர் முழுக்க ஒரே பேச்சு. ரொட்டிக்கடையில், மீன் ஏலக் கூடத்தில், பூசை முடிந்து கோவில் படியில். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், நிம்மதியாக இருந்திருக்கும்.

பந்தை உள்ளே விடு என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க மாட்டேன். நீயும் செய்ய மாட்டாய். நான் கேட்பது வேறு. அன்று தோள்பட்டை வலிக்கிறது என்று சொல்லிவிடு. உனக்குப் போன வருடம் உண்மையாகவே வலித்ததுதானே. வேறு யாராவது நிற்கட்டும். அவன் பிடித்தால் பிடிக்கட்டும், விட்டால் விடட்டும். நீ பிடித்து நாங்கள் இறங்கினோம் என்று இருக்க வேண்டாம். அதைத்தான் நான் தாங்க மாட்டேன்.

உங்கள் அணிக்கு இந்த மேட்சில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே. உனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

கின்தீனுவுக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன். கிழிக்கத் தோன்றியது. கிழிக்கவில்லை.

சுல்மீரா

*

போர்ட்டோ
9 மே 2003

அக்கா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அன்று முழுக்க அதைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். உனக்கு எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று ஒரு வழியும் தெரியவில்லை.

வியாழன் காலை மிஸ்டர் வால்தமார் என்னைக் கூப்பிட்டார். எங்கள் பி அணியின் கோச். வாயில் பல்குச்சியோடுதான் பேசுவார், நல்ல மனிதர்.

"கஸ்பாருக்கு விரல் ஆறிடுச்சு. ஒரு மேட்ச் ஆடிப் பாக்கணும்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. பதினெட்டாம் தேதி அவன் நிக்கட்டும். உனக்கு லீவு. உன் ஊருதானே, சந்தோஷப்படு."

மறைக்க மாட்டேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லாமலே நீ கேட்டது நடந்துவிட்டது. யாரும் என்னை எதுவும் சொல்ல முடியாது. மாதாவே இறங்கி வந்து முடித்துவைத்த மாதிரி. சரி என்று சொல்லிவிட்டுக் கதவுவரை போனேன். பிறகு திரும்பி வந்தேன்.

"நான் ஆடணும் மிஸ்டர்."

"எதுக்கு? உன் ஊர்க்காரனுங்க கல்லால அடிக்கறதுக்கா?"

"நான் ஆடலைன்னா என்னப்பத்தி என்ன சொல்லுவாங்க?"

"தப்பிச்சுக்கிட்டான்னு சொல்லுவாங்க."

"அதேதான்."

அவர் பல்குச்சியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கஸ்பார் அடுத்த வாரப் பயிற்சி மேட்சில் ஆடிக்கொள்ளட்டும், மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

ஆக அக்கா, நான் தப்பித்திருக்கலாம். தப்பிக்கவில்லை. கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

ஏன் என்றால், மொந்தெ ரீஜுவிலும் ஒரு அக்கா இருப்பாள். அவளும் வேன் ஓட்டுவாளோ, சட்டை துவைப்பாளோ, எனக்குத் தெரியாது. பதினெட்டாம் தேதி அவள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கோலில் நிற்பவன் எதிர் ஊர்க்காரன் என்பது அவளுக்குத் தெரியும். அவன் நேர்மையாக நிற்பான் என்று நம்புவதைத் தவிர அவளால் வேறொன்றும் செய்ய முடியாது. அவளுக்குக் கடிதம் எழுத இந்த அணியில் ஒரு தம்பி கிடையாது.

என்னை வெறுத்துக்கொள். ஆனால் நான் ஒதுங்கிக்கொண்டு நீங்கள் ஜெயித்தால், அத்தான் தன் கடைசி மேட்சை நான் வேண்டுமென்றே விலகிப்போன கோலுக்கு எதிரே ஆடி முடித்திருப்பார். அதை அவரிடம் கடைசிவரை மறைத்துவைப்பாயா?

அதேரித்து

*

விலா கனேய்ரா
13 மே 2003

வா.

கடல் பக்கம் இருக்கும் கோலுக்குப் பின்னால் நான் நிற்பேன். எந்தப் பாதியில் நீ அங்கே நின்றாலும் உன்னை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். உன் பெயரை நான் கூப்பிட மாட்டேன். நீயும் திரும்பாதே.

அம்மா வர மாட்டாள். இரண்டு பக்கமும் வேண்டிக்கொள்ள முடியாது என்கிறாள்.

சுல்மீரா

*

போர்ட்டோ
19 மே 2003

அக்கா,

எல்லாவற்றையும் நீ பார்த்தாய். பார்க்க முடியாததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் பாதியில் எனக்குப் பயம் இல்லை. ஊரே யூதாஸ் என்று கத்தியது, அது தெரிந்ததுதான். பாதிரியார் கத்தினாரா என்று சொல்ல முடியாது. வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். காற்று கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது, நாங்கள் அடித்த பந்தெல்லாம் பாதி வழியில் திரும்பியது. உங்கள் ஆட்கள் எங்களைக் கோல் பக்கமே வரவிடவில்லை. எங்கள் பையன்களுக்கு அதில் கவலையும் இல்லை. அடுத்த வாரம் எந்தக் கடற்கரைக்குப் போவது என்று கார்னருக்கு நிற்கும்போதுகூடப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் பாதியில் நீ இருந்த பக்கம் வந்தேன். திரும்பவில்லை. ஆனால் உன் இருமல் கேட்டது.

அப்போதுதான் பயம் வந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை. ஒவ்வொரு பந்து வரும்போதும் இதுதான், இதுதான் என்று தோன்றியது. நேராக வந்ததைக்கூட இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன், குழந்தையைப் பிடிப்பதுபோல்.

கடைசிக் கார்னர். அத்தான் பின்பக்கத்திலிருந்து ஓடி வருவதைப் பார்த்தேன். வீங்கிய காலோடு அவ்வளவு உயரம் அவர் எப்படி எழுந்தார் என்று எனக்குப் புரியவில்லை. தலையால் நல்ல முட்டு. கோல்தான் அது. நான் யோசிக்கவில்லை அக்கா, யோசிக்க நேரமே இல்லை. இடது கை தானாக நீண்டுவிட்டது. பந்து மணிக்கட்டில் பட்டு, கம்பத்தில் பட்டு, வெளியே போனது. விசில் அடித்துவிட்டார்கள்.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். உங்களுக்கு அது போதாது.

அத்தான் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார். தூக்கிவிடலாமா, எனக்கு அந்த உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன். அவரே எழுந்தார். வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நீ வேலியைத் தாண்டி ஓடி வந்தாயே, அப்போது அவர் என் காதில் சொன்னது உனக்குக் கேட்டிருக்காது.

"நல்லா புடிச்சேடா, நாயே."

அவ்வளவுதான். விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எர்னானி கம்பத்தில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தான். மீசை நரைத்த ஆட்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் எங்கள் பஸ்ஸுக்குப் போனேன். பையன்கள் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒருவன், வழியில் எந்தக் கடையில் பன்றி இறைச்சி பன் நன்றாக இருக்கும், உன் ஊர்தானே என்று கேட்டான். சொன்னேன். எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். நான் இறங்கவில்லை.

அதேரித்து

*

விலா கனேய்ரா
2 ஜூன் 2003

தம்பி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் காரணம் இல்லை. இங்கே நடந்தது முடியட்டும் என்றிருந்தேன்.

மேட்ச் முடிந்த அன்றே, நான் உனக்கு என்ன எழுதினேன் என்று கின்தீனுவிடம் சொல்லிவிட்டேன். அவர் காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தார். ஐஸ் பையை மெதுவாகக் கீழே வைத்தார். அதன் பிறகு என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. சாப்பாட்டுக்கு உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்டார்.

போன வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையக் கூடத்தில் கிளப் உறுப்பினர்கள் கூட்டம். நிற்க இடம் இல்லை. கிளப்பை மூடிவிடலாம் என்று ஒரு தீர்மானம். ஐஸ் ஆலை வைத்திருக்கும் தெல்மீரு எழுந்து, மூடுவதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் என்றான்.

"நம்மளை முழுக அடிச்சது யாரு? செக்ரட்டரியோட தம்பி. அவ தம்பிகிட்ட ஒரு வார்த்தை பேசியிருந்தா நடந்திருக்குமா?"

கின்தீனு எழுந்தார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை. பனியன்மேல் கோட்டுப் போட்டிருந்தார், படகிலிருந்து நேராக வந்திருந்தார்.

"பேசினா. எழுதியே கேட்டா. தோள் வலிக்குதுன்னு ஒதுங்கிக்கோன்னு. அவன் மாட்டேன்னுட்டான். எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னிக்கு நான் ஷூவே மாட்டியிருக்க மாட்டேன்."

எனக்குக் காது எரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

"வருஷம் பூரா ஆடித் தோத்தது நாம. அந்த ஒரு பந்துல தோக்கலை. அந்தப் பந்தை முட்டினவன் நான். இன்னும் ஓரமா முட்டியிருக்கணும். அவன் வேலைய அவன் சரியா பாத்தான். என் வேலைய நான் முக்காவாசிதான் பாத்தேன். அவனை யாராவது ஏதாவது சொல்லணும்னா முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

பிறகு உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். கேட்டது நான், வெட்கம் என்னுடையது, செக்ரட்டரி வேலையை இந்த நிமிஷமே விடுகிறேன் என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். முடியவில்லை. "ஆனா கிளப்பை மூடணும்னு சொல்றவங்க முதல்ல என் பஸ்ஸுக்கு முன்னாடி வந்து படுங்க. ரெண்டாவது கியர் விழாது, ஆனா முதல் கியர் நல்லாத்தான் இருக்கு" என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். தெல்மீருகூட.

கிளப்பை மூடவில்லை. மாவட்ட லீக்கில் ஆடுவோம். என் இடத்துக்கு வர ஆள் கேட்டார்கள், ஒருவரும் கையைத் தூக்கவில்லை. பதவி இல்லாமல் சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் கின்தீனு என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு வருடம் ஆடலாமா என்று யோசிக்கிறாராம். அந்தக் காலை வைத்துக்கொண்டு.

நீ செய்தது சரி. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன்.

சுல்மீரா

*

போர்ட்டோ
20 ஜூன் 2003

அக்கா,

என்னை விடுவித்துவிட்டார்கள்.

காப்பி மெஷின் பக்கத்தில் வைத்துச் சொன்னார்கள். உன் கடைசி மேட்ச் பிரமாதம் என்று கேள்விப்பட்டோம் என்றார் கிளப்பின் மேலாளர். கேள்விப்பட்டாராம், பார்க்கவில்லை. அடுத்த சீசனுக்குப் பதினெட்டு வயதில் ஒரு கீப்பர் வருகிறான், உயரமானவன். கையைக் குலுக்கினார். மிஸ்டர் வால்தமார் மட்டும் கார் நிறுத்தும் இடம்வரை கூடவே வந்தார். என் பையைத் தூக்கி டாக்ஸியில் வைத்தார்.

நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். சிரித்தாலும் பரவாயில்லை.

இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஒன்று அசோர்ஸ் தீவில் ஒரு கிளப். இரண்டாவது டிவிஷன், இரண்டு வருட ஒப்பந்தம், முதல் கீப்பர் நான்தான். இன்னொன்றை நீ நம்ப மாட்டாய். மொந்தெ ரீஜு. அவர்கள் தலைவர் ஒரு கூடை செர்ரிப் பழத்தோடு நான் தங்கியிருக்கும் அறைக்கே வந்துவிட்டார். "நீதான் எங்களைக் காப்பாத்தினே தம்பி" என்று அழாத குறை. நான் உங்களுக்காக ஆடவில்லை என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. செர்ரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கே போனால் மே பதினெட்டுக்கு வேறு அர்த்தம் வந்துவிடும். அதை நான் கொடுக்க மாட்டேன்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஊரில் எனக்கு ஒரு இடம் இருக்குமா?

நீங்கள் இறங்கியதற்குப் பரிகாரமாகக் கேட்கவில்லை. நான் தப்புச் செய்யவில்லை, பரிகாரம் எதற்கு? இது என் ஆசை. ஐந்து வருடம், ஜெயித்தாலும் மேலே போகாத அணியில் ஆடினேன். தோற்றாலும் யாரும் அழாத அணி. அன்று உங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களைப் பார்த்தேன். எங்களுக்காக அப்படி ஒரு மனிதன் அழுததில்லை. அழுகிறவர்கள் பக்கம் நின்று ஆட வேண்டும் என்று இருக்கிறது.

அதேரித்து

*

விலா கனேய்ரா
29 ஜூன் 2003

தம்பி,

ஜனவரியில் இதைக் கேட்டிருந்தால் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போர்ட்டோவுக்கே வந்திருப்பேன். இப்போது சொல்கிறேன், வராதே. தீவுக்குப் போ.

நான் சொல்வதை முழுக்கப் படி. அங்கே உனக்கு இரண்டாவது டிவிஷன். இங்கே மாவட்ட லீக், மலைக் கிராமங்களில் ஆட்டு மந்தையை ஓரம் கட்டிவிட்டு ஆடும் மைதானங்கள். அங்கே ஆடுவதே உன் வேலை. இங்கே பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு வர வேண்டும். உன் ஆசை இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டால் உனக்குப் போக இடம் இருக்காது.

இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காக நிர்வாகக் குழுவில் வைத்தேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. நீண்ட சண்டை நடந்தது. மயிரிழையில் சேர்க்கலாம் என்று முடிவானது. தெல்மீரு எதிராகத்தான் கை தூக்கினான். நீ கோலில் நின்றால் முதல் மேட்சில் உன்னைத் திட்டத் தனியாக ஒரு கூட்டம் வரும், டிக்கெட் விற்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கின்தீனுவிடம் கேட்டேன். "வரட்டும். ஆனா எர்னானிய ஜெயிச்சுட்டுத்தான் கோலுக்குப் போகணும். மச்சான்னு எடம் கெடையாது" என்றார். எர்னானி இந்த ஒரு மாதமாகத் தினமும் கடற்கரையில் உயரமான பந்தைக் கண்ணைத் திறந்துகொண்டு பிடிக்கிறான். அவனும் அன்று அழுதவன். சுலபமாக விடமாட்டான்.

யோசித்துப் பார். அங்கே முதல் கீப்பர். இங்கே ஒருவேளை பெஞ்ச், நம் ஊரின் மர பெஞ்ச். நீ வருவாய் என்று அம்மா உன் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டாள். அதைக் கணக்கில் எடுக்காதே. அக்காவாகச் சொல்கிறேன், போய்விடு.

சுல்மீரா

*

போர்ட்டோ
6 ஜூலை 2003

அக்கா,

நீ சொன்னதை முழுக்கப் படித்தேன். இரண்டு தடவை. ஒவ்வொன்றும் உண்மை.

தீவுக்காரர்களிடம் நேற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன அதிகம் கொடுக்கிறார்கள் உனக்கு என்று கேட்டார்கள். மாவட்ட லீக் என்றேன். எந்த லீக் என்று மறுபடி கேட்டார்கள்.

மீன் ஏலக் கூடத்துக்கு எழுதியிருந்தேன். விடியற்காலை பெட்டி தூக்க ஆள் வேண்டுமாம். மதியத்துக்குள் முடிந்துவிடும். சாயங்காலம் பயிற்சிக்கு இடைஞ்சல் இல்லை. இதை உனக்கு முன்பே சொல்லியிருந்தால் கெடுத்திருப்பாய், அதனால் சொல்லவில்லை.

எர்னானி நன்றாக ஆடினால் நான் உட்காருவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அக்கா, நான் உட்கார வரவில்லை. அதை அவனிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், நேருக்கு நேர். அவனும் என்னிடம் ஏதாவது சொல்லட்டும். இரண்டு பேரில் யார் நின்றாலும் அந்தக் கோலுக்குள் பந்து போவது கஷ்டமாக இருக்க வேண்டும்.

தெல்மீருவிடம் டிக்கெட் விற்கச் சொல். வருகிறவர்கள் திட்டட்டும். பாதி ஆட்டம்வரை திட்டுவார்கள். அதற்குப் பிறகு எதிர் அணி ஒரு கார்னர் எடுக்கும். அப்போது அவர்கள் வாயை மூடிக்கொண்டு என் கையைத்தான் பார்ப்பார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் வருகிறேன். மே பதினெட்டு அன்று வந்த அந்தப் பயம் வேண்டும் எனக்கு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும்.

அடுத்த வருடம் இதே நாளில் நாம் மேலே போயிருப்போம். போகவில்லை என்றால் அதற்கு அடுத்த வருடம். நம் அணி போகலாம், அக்கா. போகலாம் என்று இருக்கிற அணியில் ஆடி எனக்கு எவ்வளவு காலம் ஆயிற்று.

நாளை ரயில் ஏறுகிறேன்.

அதேரித்து